அம்மாச்சியின் வாயில் இல்லாத தமிழ்

தன்பாலீர்ப்புள்ள ஒரு தமிழ்ச் சிறுவனின் கதை படமாகி உலகமெங்கும் போனது. அவன் வீட்டு மொழி மட்டும் அந்தப் படத்துக்குள் வந்து சேரவில்லை. 'ஃபனி போய்' தந்த ஏமாற்றம் பற்றி, கண்டியிலிருந்து.

கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலைத் தாண்டிக் கொஞ்சம் மேடேறினால் எங்கள் பெரியம்மாவின் வீடு. 2021ஆம் ஆண்டின் தொடக்கம். கொரோனாவுக்குப் பயந்து எல்லோரும் வீட்டோடு கிடந்த காலம். வெளியே மழை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மூன்று பேர் படம் பார்க்க உட்கார்ந்தோம். பெரியம்மா, நான், மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து படிக்க வந்து எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்ட ஒரு தம்பி. தன் மனம் ஆண்கள் பக்கம்தான் சாய்கிறது என்பதை அப்போது என்னிடம் மட்டும் சொல்லியிருந்தவன். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா, பேரும் தோட்டமும் மட்டும் வேணாம்" என்றான்.

படத்தில் அந்தச் சிறுவனின் அம்மாச்சி வந்தார். தமிழில் பேசத் தொடங்கினார். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இந்த மனுசி தமிழே கதைக்குது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் கனம் மட்டும் இன்றுவரை இறங்கவில்லை.

எதிர்பார்த்த படம்

ஷியாம் செல்வதுரை 1965இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். அங்கிருந்து 1994இல் அவர் வெளியிட்ட முதல் நாவல்தான் 'ஃபனி போய்'. ஆறு கதைகளாக விரியும் அந்த ஆங்கில நாவலில் ஆர்ஜி என்ற கொழும்புத் தமிழ்ச் சிறுவன் வளர்கிறான். பெண் பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடும்போது சேலை கட்டி மணப்பெண்ணாக நிற்பதுதான் அவனுக்குப் பெரும் சந்தோஷம். பிறகு பள்ளிக்கூடத்தில் ஷெஹான் என்ற சிங்களப் பையன்மீது காதல் வருகிறது. அவன் தன்னைத் தெரிந்துகொள்ளும் அதே வேகத்தில் நாடு தீப்பிடிக்கிறது. தன்பாலீர்ப்பு, இனம் என்ற இரண்டு காரணங்களுக்காகவும் ஒரே பிள்ளை தன் வீட்டுக்குள்ளும் தன் நாட்டிலும் அந்நியனாகும் கதை அது. கனடாவில் முதல் நாவலுக்கான விருதும், அமெரிக்காவின் லாம்டா இலக்கிய விருதும் அதற்குக் கிடைத்தன.

இதைப் படமாக்க முன்வந்தவர் தீபா மேத்தா. 1996இல் 'ஃபயர்' எடுத்தவர். இரண்டு பெண்களுக்கு இடையிலான காதலைச் சொன்னதற்காக 1998இல் மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டபோதும் பின்வாங்காதவர். வாரணாசியில் எடுக்க விடாமல் துரத்தப்பட்ட 'வாட்டர்' படத்தை இலங்கைக்கு வந்து எடுத்து முடித்தவர். அவரும் செல்வதுரையும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். படப்பிடிப்பும் இலங்கையிலேயே நடந்தது. 2020 டிசம்பரில் படம் வெளியானது. இதைவிடப் பொருத்தமான கைகள் கிடைக்கவா போகின்றன என்று நாங்கள் நினைத்ததில் தப்பில்லை.

கண்டித் தமிழருக்கு இந்தக் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 83 ஜூலை என்றதும் எல்லோரும் கொழும்பைப் பேசுவார்கள். 26ஆம் திகதி அந்தத் தீ கண்டிக்கும் வந்தது. பிற்பகலில் பேராதனை வீதியில் தமிழருக்குச் சொந்தமான ஒரு மருந்துக்கடை எரிந்தது. பிறகு காசல் வீதி, கொழும்பு வீதி, ராஜ வீதி, திருகோணமலை வீதி என்று பெற்றோல் கான்களோடு கும்பல் நகர்ந்தது. மாலையில் ஊரடங்கு போட்டார்கள். காசல் வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியப்பா அன்று சிங்கள நண்பர் ஒருவரின் வீட்டுக் கோடிப்புறத்தில் விறகுக்குப் பின்னால் இரவைக் கழித்தார். வாயைத் திறக்க வேண்டாம் என்று அந்த நண்பர் சொன்னாராம். திறந்தால் தமிழ் வரும்.

பெரியம்மா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லை உச்சரிக்கிற விதத்தில் உயிர் போகும், உயிர் தப்பும் என்று பார்த்த மனுசி அவர். அந்த ஜூலையைப் பற்றிய படத்தில் தமிழ் எப்படி ஒலிக்கிறது என்று அவர் காது தீட்டிக் கேட்டதில் என்ன ஆச்சரியம்?

காது கண்டுபிடித்த குறை

முக்கியமான தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழ் தெரியாதவர்களே நடித்தார்கள். அம்மாச்சியாக வரும் சீமா பிஸ்வாஸ் அசாமில் பிறந்த பெரும் நடிகை. 'பண்டிட் குயீன்' பார்த்த யாரும் அவர் திறமையைக் குறைத்துப் பேசமாட்டார்கள். தகப்பனாக வரும் அலி காஸ்மி பாகிஸ்தானிய வேர் கொண்ட கனேடியர். ராதா அன்ரியாக வரும் அகம் டார்ஷி பஞ்சாபி வழிவந்தவர். இவர்கள் தமிழ் வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறார்கள். ழகரமும் ளகரமும் இடம் மாறி விழுகின்றன. ஒரு வசனத்தில் எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிய வாய்ப்பும் இல்லை.

முன்னோட்டம் வந்த உடனேயே புலம்பெயர் தமிழர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. படத்தைப் புறக்கணிக்கக் கேட்ட குரல்களும் எழுந்தன. அவற்றில் முன்னால் நின்றவர்கள் தன்பாலீர்ப்புள்ள தமிழர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். கலாசாரக் காவலர்கள் கத்தியிருந்தால் ஒதுக்கிவிடலாம். இது யாருடைய கதையோ அவர்களே வந்து, எங்கள் கதையில் நாங்கள் இல்லையே என்று கேட்டார்கள். தமிழ் நடிகர்களைத் தேடிப் பார்த்ததாகவும் அது முழுதாகக் கைகூடவில்லை என்றும் படக்குழு விளக்கம் சொன்னது. தமிழ் வசனங்களை மீண்டும் குரல்பதிவு செய்து திருத்தும் முயற்சியும் நடந்தது. நாங்கள் பார்த்த பிரதியிலும் பெரியம்மாவின் கேள்வி எழத்தான் செய்தது.

உச்சரிப்புக்குப் போய் இவ்வளவு பெரிய வழக்கா என்று சிலர் கேட்கலாம். அவர்களைக் கண்டிச் சந்தைக்கு ஒருநாள் கூட்டிப்போக விரும்புகிறேன். 'இருக்கிறது' என்ற ஒரே சொல் அங்கே எத்தனை உருவத்தில் நடமாடுகிறது! யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் "அங்க கிடக்கு" என்பார். முஸ்லிம் கடைக்காரர் "ஈக்கி, ஈக்கி" என்பார். தோட்டத்திலிருந்து மரக்கறி கொண்டுவந்த அம்மா "இருக்குங்க" என்பார். மூன்றும் தமிழ்தான். ஆனால் வாயைத் திறந்த மாத்திரத்தில் ஊர், மதம், வர்க்கம், ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் எல்லாம் வெளியே வந்துவிடும். இலங்கைத் தமிழர் ஒருவரை ஒருவர் முதலில் அடையாளம் காண்பது காதால்தான்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்ஜியின் குடும்பம் ஆங்கிலம் பேசும் கொழும்பு மேல்தட்டுக் குடும்பம். தகப்பன் பிள்ளைகளைச் சிங்கள மொழி வகுப்பில் சேர்த்தவர். ஆகவே ஆர்ஜியின் தமிழ் தடுமாறினால் அது கதைக்குப் பொருந்தும், ஒருவகையில் அழகும்கூட. ஆனால் அம்மாச்சி? நாவலில் அவருடைய தகப்பன் 1950களின் கலவரத்தில் கொல்லப்பட்டவர். அந்த வடுவால்தான் தன் மகள் ராதா சிங்களவர் ஒருவரை விரும்புவதை அவரால் தாங்க முடிவதில்லை. அந்தக் கிழவியின் வெறுப்பும் பயமும் பாசமும் தமிழில்தான் ஊறிக் கிடக்கும். அதைப் பிசகாகப் பேசவைத்தால், அந்த வெறுப்புக்கு இருந்த காரணமும் பார்ப்பவருக்குப் பிடிபடாமல் போகிறது. வெறும் முரட்டுக் கிழவி ஒருத்தி மட்டும் திரையில் மிஞ்சுகிறாள்.

ஒஸ்கார் விவகாரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்குக் கனடா இந்தப் படத்தைத்தான் அனுப்பியது. அந்தப் பிரிவில் பாதிக்கு மேற்பட்ட வசனம் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆங்கிலம் கூடிவிட்டது என்று 2020 டிசம்பரில் படத்தை நிராகரித்தார்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் கதை, போதுமான அளவு தமிழும் சிங்களமும் இல்லாததால் அந்தப் படியில் தடுக்கி விழுந்தது. பெரியம்மா கேட்ட அதே கேள்வியைத்தான் அந்த விதியும் தன் பாணியில் கேட்டது.

கதை ஓடியது, பிள்ளை நிற்கவில்லை

தமிழைத் திருத்திவிட்டால் படம் தேறிவிடுமா? அப்படியும் சொல்ல முடியவில்லை. 2021இல் கனேடியத் திரை விருதுகளில் சிறந்த இயக்கம், தழுவல் திரைக்கதை, ஹோவர்ட் ஷோரின் இசை ஆகியவற்றுக்கு இந்தப் படம் பரிசு பெற்றது. இசைக்குக் கொடுத்ததில் எனக்கு மறுப்பு இல்லை. திரைக்கதைக்குக் கொடுத்ததைத்தான் ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

செல்வதுரையின் நாவல் ஒரு பிள்ளையின் கண்ணால் பார்க்கிறது. ஆர்ஜிக்கு எதுவும் முழுதாகத் தெரியாது. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பான். அரைகுறையாகக் கேட்டவற்றை அவன் ஒட்டிச் சேர்க்கும்போது வாசகருக்கு முழு உண்மையும் தெரியவரும். அதற்கு ஓர் இடம் உண்டு. தாய் வெளியே போக வெளிக்கிடும்போது ஆர்ஜி அவருடைய அறைக்குள் போய்ப் பக்கத்தில் இருப்பான். சேலை மடிப்பு எடுப்பதையும் நகை போடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குக் கிடைத்த தனிச் சலுகை. அவன் சேலை கட்டி நின்றது குடும்பத்தில் பகிடியாகிவிட்ட பிறகு, அந்த அறைக் கதவு அவனுக்குச் சாத்தப்படுகிறது. ஏன் என்று அவனுக்குப் புரியும்படி யாரும் விளக்கவில்லை. கதவு மட்டும் சாத்தப்படுகிறது. தான் செய்ததில் ஏதோ பிழை இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கு முதன்முதலாகத் தெரியவருவது அப்படித்தான்.

நாவலில் இந்த ஓர் இடம் செய்கிற வேலையை, இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த படம் எங்கேயும் செய்யவில்லை. ஆறு கதைகளைத் தொட்டாக வேண்டிய அவசரத்தில் ஒரு காட்சி ஊன்றும் முன்னரே அடுத்தது வந்து தள்ளுகிறது. ராதாவின் காதல், ஜெகன் என்ற இளைஞனின் வருகை, அரசியல், பள்ளிக்கூடம், கலவரம் எல்லாம் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகின்றன. நாட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசி நமக்குத் தகவலாகத் தருகிறார்கள். ஏற்கெனவே எல்லாம் தெரிந்த இரண்டு பேர், வெளிநாட்டுப் பார்வையாளருக்காக ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வது போல இருக்கிறது.

படத்தின் தலைப்பிலுள்ள 'ஃபனி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதற்கு வேடிக்கை என்றும் பொருள், வழக்கத்துக்கு மாறானது என்றும் பொருள். தன் மகனைப் பற்றி அந்தச் சொல் பாவிக்கப்படும்போது தகப்பனுக்கு உள்ளே நடுங்குகிறது. நம் வீடுகளில் இதற்கு ஒரு சொல் உண்டு. "அவன் ஒரு மாதிரி." எந்தத் தமிழ் வீட்டிலும் இந்த மூன்று சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும். சொன்னவர் மேற்கொண்டு எதையும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவர் மேற்கொண்டு எதையும் கேட்கமாட்டார். எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கை அந்த 'ஒரு மாதிரி'க்குள் புதைந்து கிடக்கிறது! படம் முழுக்கக் காத்திருந்தேன். அந்தச் சொல்லின் கனம் எங்கும் என் காதில் விழவில்லை.

நடிப்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறுவன் ஆர்ஜியாக வரும் அருஷ் நந்த் கண்ணாலேயே நிறையப் பேசுகிறான். தாயாக வரும் நிம்மி ஹரஸ்கம, மகனை அணைப்பதா திருத்துவதா என்று தடுமாறும் இடங்களில் உண்மையாகவே கலங்க வைக்கிறார். இளைஞன் ஆர்ஜியாக வரும் பிரண்டன் இங்ரமும் ஷெஹானாக வரும் ரெஹான் முதன்னாயக்கவும் இலங்கைக் கலைஞர்கள். தன்பால் உறவைக் குற்றமாக வைத்திருக்கும் நாட்டில் இந்தப் பாத்திரங்களை ஏற்று நடித்த அவர்கள் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அவர்களுக்குள் காதல் எப்படி முளைத்தது என்பதை எழுத்து அவர்களுக்குத் தரவில்லை. பார்த்தார்கள், பழகினார்கள், முத்தமிட்டார்கள். நடுவில் இருந்திருக்க வேண்டிய பயம், சந்தேகம், இரவில் தூக்கம் வராமல் புரள்வது எதுவும் இல்லை. பிடிமானம் இல்லாத எழுத்தில் நல்ல நடிகரும் வழுக்கத்தான் செய்வார். மற்றப் பெரியவர்களில் பலர், அடுத்த வசனம் நினைவுக்கு வருகிறதா என்ற கவனத்திலேயே நிற்கிறார்கள்.

ஏன் இவ்வளவு வலிக்கிறது?

மோசமான காதல் படங்கள் வருடத்துக்கு நூறு வருகின்றன. பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். இதை ஏன் மறக்க முடியவில்லை? ஆணும் பெண்ணும் காதலிக்கும் படம் ஒன்று சறுக்கினால் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொன்று வரும். ஆர்ஜிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இல்லை.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கிலேயர் தந்தது. அதன் 365ஆம் பிரிவும் 365அ பிரிவும் இன்றும் தன்பால் உறவைக் குற்றமாகவே வைத்திருக்கின்றன. 1995இல் திருத்தம் என்ற பெயரில் 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று பொதுவாக்கினார்கள். அதுவரை வெளியே இருந்த பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். இந்தப் பிரிவுகளை மாற்றக் கோரும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் பாராளுமன்றம் அதை நிறைவேற்றாமலே 2024 செப்டெம்பரில் கலைந்தது. இந்தியாவில் 377ஆம் பிரிவிலிருந்து இந்தக் குற்றத்தை 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி நீக்கிவிட்டார்கள். அதே ஆங்கிலேயர் தந்த அதே சட்டம். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இன்னும் மூச்சுவிடுகிறது.

சட்டத்தைவிடச் சொல்லின் வறுமை கொடியது. அந்தத் தம்பி ஒருநாள் என்னிடம் சொன்னான்: "அக்கா, நான் என்னன்னு இங்கிலீஷ்ல சொல்லுவேன், சிங்களத்துலயும் சொல்லிடுவேன். தமிழ்ல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஏச்சு வார்த்தைதான்." தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக, பால்புதுமையரைக் கண்ணியமாகக் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை 2022இல் அரசு வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அரசாணையில் ஏறிய சொல் அடுப்படிக்கு வந்துசேர அது மட்டும் போதாது. யாராவது ஒரு தாய் அந்தச் சொல்லைத் தன் பிள்ளையிடம் சொல்லி நாம் கேட்க வேண்டும். கதையும் கூத்தும் சினிமாவும் அதற்குத்தான் இருக்கின்றன.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நம்மிடையே ஏது?' என்பதுதான் இங்கே எப்போதும் சொல்லப்படும் வாதம். தன்பாலீர்ப்புள்ள தமிழ்ப் பிள்ளையின் வீட்டில் அம்மாச்சிகூட நம்மைப் போலப் பேசாவிட்டால், பார்த்தாயா என்று அந்த வாதம் எழுந்து நிற்காதா? அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்க வந்த படம், தெரியாமலே எதிர்ப்பக்கத்துக்குக் கை கொடுத்துவிட்டது. அதுதான் வலி.

மாசி மாதத்து ரதி

நம்மிடையே ஏது என்று கேட்பவர்களை மலைத்தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்துக்கு அழைக்கிறேன். மாசி மாதம் கம்பம் ஊன்றி, நாட்கணக்கில் நோன்பிருந்து, தப்பு அதிர ஆடும் கூத்து. அதில் ரதியாக வருபவர் ஆண். காலையில் மலையில் வேலைசெய்தவர் இரவில் சேலை கட்டி, வளையல் போட்டு, பூ வைத்து நிற்பார். மன்மதன் சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்தபின் அவர் தலைவிரித்து அழும்போது லயம் முழுவதும் சேர்ந்து அழும். நான் பார்த்த ஒரு கூத்தில் ஒரு கிழவி எழுந்துபோய் ரதியின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அந்த நிமிடத்தில் அங்கே சேலை கட்டிய ஆண் யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை. கணவனை இழந்தவளாகவே தெரிந்தார்.

விடிந்ததும் சேலையைக் கழற்றியாக வேண்டும் என்பதும் உண்மைதான். மாசியில் கும்பிட்டவனை ஆடியில் பகிடி பண்ணும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆனாலும் ஆர்ஜியின் கல்யாண விளையாட்டைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டுக் கண்ணாடி தேவையில்லை என்பதற்கு இந்த ஒரு கூத்தே போதும்.

கலையில் சிரத்தை என்றால் என்ன என்பதையும் இந்த மலைகள் கண்டிருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து நவீன மேடைக்குத் தந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1965இல் 'இராவணேசன்'. அவருடைய மாணவர் மௌனகுரு இராவணனாக ஆடினார். ஊரில் விடிய விடிய ஆடுவதைச் சில மணித்தியாலங்களுக்குச் சுருக்கினார்கள். ஆட்டத்தையும் பாட்டையும் பேச்சையும் விட்டுக்கொடுக்கவில்லை. சுருக்குவது வேறு, வேரை அறுப்பது வேறு என்று அன்றே செய்து காட்டினார்கள்.

முடியாத காரியமா?

அசோக ஹந்தகம சிங்களவர். 2012இல் யாழ்ப்பாணத்தில் 'இனி அவன்' எடுத்தார். போர் முடிந்து ஊர் திரும்பும் முன்னாள் போராளி ஒருவரின் கதை. படம் முழுக்கத் தமிழ், நடித்தவர்கள் தமிழர்கள். மறைந்த தர்ஷன் தர்மராஜ் அதில் குறைவாகவே பேசுவார். பேசும் ஒவ்வொரு சொல்லிலும் அந்த மண் இருக்கும். இயக்குநரின் தாய்மொழி வேறாக இருந்தது தடையாகவில்லை. அவருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. அதே ஹந்தகம 2002லேயே, ஆணாக வாழும் ஒரு பெண்ணின் கதையை 'தனி தட்டுவென் பியாபன்ன' என்ற சிங்களப் படத்தில் சொல்லிவிட்டார். 2014இல் விசாகேச சந்திரசேகரம் 'சயபெதி குசும' எடுத்தார். இரண்டு ஆண்களின் காதல், நடுவில் ஒரு பெண், ஒரு சிங்களக் கிராமம். சிங்களத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மொழி உருவாகிக்கொண்டிருக்கிறது. ஈழத்துத் தமிழில் அப்படி ஊரறிந்த முழுநீளப் படம் ஒன்றின் பெயரைச் சட்டென்று சொல்ல நம்மால் முடிவதில்லை.

மலையாளத்தில் 2023இல் ஜியோ பேபியின் 'காதல் - தி கோர்' வந்தது. மம்முட்டி போன்ற ஒரு நட்சத்திரம், உள்ளூர்த் தேர்தலில் நிற்கும் நடுவயதுக் குடும்பத்தலைவராக, இத்தனை காலம் மறைத்துவைத்த தன் உண்மையோடு வருகிறார். மனைவியாக ஜோதிகா விவாகரத்துக் கேட்கிறார். பெரிய பிரசங்கம் ஏதும் இல்லை. கோயில், கட்சி, சாப்பாட்டு மேசை, வயதான தகப்பன் என்று அந்த ஊர் அப்படியே இருக்கிறது. அதனால்தான் அந்த மனிதரும் அந்த ஊர்க்காரராகவே இருக்கிறார். யாரும் அவரை வெளியிலிருந்து வந்தவர் என்று சொல்ல முடியாது.

'ஃபனி போய்' வந்த அதே 2020 டிசம்பரில்தான் தமிழில் 'பாவக் கதைகள்' வந்தது. அதில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' பகுதியில் காளிதாஸ் ஜெயராம் சத்தாராக வருவார். திருநங்கைப் பாத்திரத்தில் திருநங்கையே நடித்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் சத்தாரின் வாயில் வந்த தமிழ் அந்தக் கிராமத்துத் தமிழ். அதனால் அந்தச் சாவு ஒரு பக்கத்து வீட்டுச் சாவாக நம்மேல் விழுந்தது.

நல்ல நோக்கத்துக்காக எடுத்த படத்தை இப்படி அலசலாமா, இதுவாவது வந்ததே என்று சந்தோஷப்படக் கூடாதா என்று என் தோழி ஒருவர் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். பசித்துக் கிடந்த பிள்ளைக்குச் சோறு போடுகிறோம் என்றால், வேகாத சோற்றைப் போட்டுவிட்டு நோக்கத்தைப் பார் என்று சொல்வோமா? இவ்வளவு காலம் காக்க வைத்ததற்காகவே இன்னும் பக்குவமாகச் சமைத்திருக்க வேண்டாமா? துணிந்து கதையைத் தொட்ட தீபா மேத்தாவுக்கு என் மரியாதை உண்டு. நாவல் எழுதிய செல்வதுரைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன்: துணிவு ஒரு படத்தைத் தொடங்கிவைக்கும், முடித்துவைக்க எழுத்தும் காதும் வேண்டும்.

அன்று படம் முடிந்தபோது மழை விட்டிருந்தது. பெரியம்மா பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். தம்பி அவர் பின்னால் போனான். நான் ஏற்கெனவே கொடுத்திருந்த நாவலை அவன் இரண்டு முறை வாசித்திருந்தான். "பெரியம்மா, அந்தக் கதை ஒங்களுக்கு வெளங்கலதானே? நான் சொல்றேன்" என்று தொடங்கினான். தேங்காய் துருவிக்கொண்டே அவர் கேட்டார். சேலை, கல்யாண விளையாட்டு, சிரித்த மாமிமார் எல்லாம் தன் தோட்டத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். தாய் அறைக் கதவைச் சாத்துகிற இடம் வந்ததும் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

துருவலை நின்றது. பெரியம்மா அவனையே பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது, யாரைப் பற்றிப் புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

"தாய்க்காரி கதவைச் சாத்தியிருக்கக் கூடாது, ராசா" என்றார். பிறகு திரும்பவும் துருவத் தொடங்கினார்.